உறுத்தும் சிறு ரிவால்வர்: அறிகுறியைப் பார்த்துக் குறையைக் களையும் வழிமுறை

ஐந்து தோட்டா கொள்ளும் சிறு ரிவால்வரை வாங்கியவர்களில் பலர் சில வாரங்களிலேயே அதை வீட்டுப் பெட்டகத்தில் வைத்துவிட்டு வெறுங்கையோடு வெளியே போகத் தொடங்குகிறார்கள். ஏன் என்று கேட்டால், உறுத்துகிறது, பேன்ட் இறங்குகிறது, சட்டைக்கு மேல் தெரிகிறது என்பார்கள். பிறகு இன்னும் எடை குறைந்த ரிவால்வரைத் தேடி அலைவார்கள். பெரும்பாலும் குறை ரிவால்வரில் இல்லை. அது எதில் தொங்குகிறது, உடம்பில் எந்த இடத்தில் இருக்கிறது, எந்தச் சாய்வில் நிற்கிறது என்பதில்தான் இருக்கிறது. அவற்றைத் திருத்துவதற்கு ஆகும் செலவு புதுத் துப்பாக்கியின் விலையில் சிறு பங்குதான்.

எடுத்துக்காட்டுக்கு ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தின் ஜே-ஃபிரேம் எனும் சிறு உடற்பகுதி கொண்ட வகையை எடுத்துக்கொள்கிறேன். 1950இல் 'சீஃப்ஸ் ஸ்பெஷல்' வந்த நாள்முதல் அமெரிக்காவில் மறைத்து எடுத்துச்செல்லும் ரிவால்வர் என்றால் பலருக்கும் இந்த அளவுதான் நினைவுக்கு வரும். இன்று பரவலாகக் காணப்படும் 642 மாடலின் எடை ஏறத்தாழ 410 கிராம். குழலின் நீளம் 48 மில்லிமீட்டர். தோட்டாக்களை இடும் சுழல் உருளையான சிலிண்டரின் பருமன் ஏறத்தாழ 33 மில்லிமீட்டர். ஐந்து .38 ஸ்பெஷல் தோட்டாக்களையும் இட்டால் அரைக் கிலோவை நெருங்கும். 2009இல் வந்த ரூகர் எல்சிஆர் போன்றவையும் கிட்டத்தட்ட இதே பருமன்தான் என்பதால், கீழே சொல்வது அவற்றுக்கும் பொருந்தும்.

சட்டப்படி எடுத்துச்செல்லும் உரிமை உள்ளவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அந்த உரிமை அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. டெக்சாஸில் 2021 செப்டம்பர் முதல், 21 வயது நிரம்பிய, சட்டத் தடை ஏதும் இல்லாத ஒருவர் தனி உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை எடுத்துச்செல்லலாம். நியூயார்க்கில் உரிமம் கட்டாயம். ஒரு மாநிலத்தின் உரிமம் அடுத்த மாநிலத்தில் செல்லாமலும் போகலாம். எல்லை தாண்டுமுன் அந்த மாநிலத்தின் விதியைப் பார்த்துவிடுங்கள்.

எதையும் தொடங்கும் முன்

கீழே உள்ள சோதனைகள் அனைத்தும் தோட்டா இல்லாத ரிவால்வரோடு செய்ய வேண்டியவை. சிலிண்டரைத் திறந்து ஐந்து துளைகளையும் கண்ணால் பாருங்கள். விரலாலும் தடவிப் பாருங்கள். தோட்டாக்களை வேறு அறையில் வையுங்கள். எடை சரியாக இருந்தால்தான் சோதனைக்குப் பொருள் உண்டு என்பதால், பயிற்சிக்கென விற்கும் போலித் தோட்டாக்களை இட்டுக்கொள்ளலாம். உண்மைத் தோட்டாவிலிருந்து அவை நிறத்தில் பளிச்சென்று வேறுபட்டிருக்க வேண்டும்.

வசதிக்காக எதை வேண்டுமானாலும் மாற்றலாம். ஆனால் விசையையும் (சுட விரலால் இழுக்கும் டிரிகர்) அதன் வளையத்தையும் முழுவதுமாக மூடும் உறையை மட்டும் ஒருபோதும் விட்டுவிடக் கூடாது. இத்தகைய ரிவால்வர்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனிப் பாதுகாப்புப் பொத்தான் கிடையாது. நீண்ட, கனமான விசை இழுப்பே அதன் காவல். சாவிக்கொத்தோ சட்டை நுனியோ உள்ளே நுழைந்து அழுத்தினால் அந்தக் காவல் உடைந்துவிடும். உறையில்லாமல் பேன்ட்டுக்குள் செருகிக்கொள்வது உறுத்தாமல் இருக்கலாம். அதை நான் ஒரு தீர்வாகவே கணக்கில் எடுக்கவில்லை.

பேன்ட் ஒரு பக்கம் இறங்குகிறது. மாலையில் இடுப்பு வலிக்கிறது

முதலில் பெல்ட்டைச் சோதியுங்கள். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் உடுப்பு பெல்ட் ஒற்றைத் தோல் அல்லது அட்டைமேல் ஒட்டிய ரெக்ஸின். அதன் இரு முனைகளையும் பிடித்துத் துணியைப் பிழிவதுபோல் முறுக்கிப் பாருங்கள். சிரமமில்லாமல் முறுகினால் அரைக் கிலோவை அது தாங்காது. எடையுள்ள பக்கம் பெல்ட் வெளிப்புறமாக மடிந்து, உறையின் மேற்பகுதி உடம்பை விட்டு விலகும். அதை ஈடுகட்ட நீங்கள் பெல்ட்டை இன்னும் ஓர் ஓட்டை இறுக்குவீர்கள். இடுப்பு வலி வருவது அந்த இறுக்கத்தால்தான்.

துப்பாக்கிக்கென்றே செய்யும் பெல்ட் இரண்டு தோல் அடுக்குகளைச் சேர்த்துத் தைத்தது, அல்லது நடுவில் விறைப்பான பட்டை வைத்தது. அகலம் பெரும்பாலும் 38 மில்லிமீட்டர். அது எடையை இடுப்பைச் சுற்றிப் பரப்பிவிடுவதால் தளர்வாகக் கட்டினாலும் நிற்கும். உறையின் வளையமும் பெல்ட்டின் அகலத்துக்குப் பொருந்த வேண்டும். அகல வளையத்தில் ஒடுங்கிய பெல்ட்டைக் கோத்தால், ஒவ்வோர் அடிக்கும் உறை முன்னும் பின்னும் ஆடும். பேன்ட்டுக்குள் அணியும் உறை என்றால் இடுப்பளவில் ஓர் அங்குலமாவது கூடுதலாக உள்ள பேன்ட் வேண்டும். பழைய அளவிலேயே அமுக்கிக் கட்டிவிட்டுத் துப்பாக்கியைக் குறைசொல்லிப் பயனில்லை.

பெல்ட்டை மாற்றியதும் பாதிப் பேருக்கு மற்ற குறைகளும் குறைந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் கீழே உள்ள எந்த அறிகுறிக்கும் புது உறை வாங்கும் முன் இதை முடித்துவிடுங்கள்.

நின்றால் ஒன்றுமில்லை, உட்கார்ந்தால் குத்துகிறது

எது குத்துகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கைதாங்கி இல்லாத மர நாற்காலியில் உட்கார்ந்து, செருப்பு வாரைக் கட்டுவதைப் போலக் குனியுங்கள். வலிக்கும் இடத்தில் விரலை வையுங்கள். அது கைப்பிடியின் அடியா, சிலிண்டரா, குழல் முனையா?

இடத்தைக் குறிக்கக் கடிகார முகத்தைப் பயன்படுத்துவது வழக்கம். தொப்புள் பன்னிரண்டு மணி, வலது இடுப்பெலும்பு மூன்று, முதுகுத்தண்டு ஆறு. பேன்ட்டுக்குள் மூன்று மணியில் வைத்தால் சிலிண்டரின் 33 மில்லிமீட்டர் பருமனும் நேராக எலும்பின்மேல் உட்காரும். பருமன் முழுவதும் ஒரே இடத்தில் குவிந்திருப்பது ரிவால்வருக்கே உரிய தொல்லை. அதைச் சற்றுப் பின்னே நான்கு மணிக்குத் தள்ளுங்கள். இடுப்பெலும்புக்குப் பின்னால் இயல்பாகவே ஒரு குழிவு உண்டு. சிலிண்டர் அதில் படிந்தால் பலருக்கு அன்றோடு குத்தல் நின்றுவிடும். ஐந்து மணியைத் தாண்டிப் போக வேண்டாம். ஆறு மணியில் முதுகுத்தண்டின்மேல் உலோகம் இருக்கும். வழுக்கி மல்லாந்து விழுந்தால் அடி நேராக அங்கேதான் படும்.

கைப்பிடியின் அடி விலாவில் குத்தினால் சாய்வைக் கூட்டுங்கள். நான்கு மணியில் வைக்கும்போது குழல் சற்றுப் பின்னோக்கியும் கைப்பிடி முன்னோக்கியும் பதினைந்து பாகை அளவில் சாய்ந்திருப்பது நல்லது. கிளிப்பைத் திருகாணியால் மாற்றிப் பொருத்தக்கூடிய உறைகளில் இது ஐந்து நிமிட வேலை. முன்சாய்வு சட்டைக்குள் மறைவதற்கும் உதவும். அப்படியும் குத்தினால் உறை உயரமாக நிற்கிறது என்று பொருள்; ஒரு படி இறக்குங்கள். கைப்பிடியை முழுவதுமாகப் பற்ற விரல்களுக்கு இடம் இல்லாத அளவுக்கு மட்டும் இறக்கிவிடாதீர்கள்.

முன்புறம், ஒரு மணித் திசையில் வைப்பவர்களுக்கு வேறு சிக்கல். குட்டைக் குழல் குனியும்போது தொடையில் இடிக்காது என்பதால் இந்த இடம் வசதியாகத் தோன்றும். ஆனால் கனமான சிலிண்டரும் கைப்பிடியும் பெல்ட்டுக்கு மேலே நிற்க, கீழே நெம்புகோலாக நிற்கப் போதிய குழல் இல்லை. அதனால் கைப்பிடி வயிற்றை விட்டு வெளியே சாய்கிறது. குழலைவிட இரண்டு அங்குலம் நீளமான உறை வாங்கினால், அந்த வெற்று நீளம் பெல்ட்டுக்குக் கீழே உடம்பில் அழுந்தி மேற்பகுதியை உள்ளே தள்ளும். உறையின் அடிப்புறத்தில், உடம்பைத் தொடும் பக்கமாக, ஆப்பு வடிவ நுரைத் துண்டு ஒன்றை ஒட்டினாலும் இதே பலன் கிடைக்கும். குழல் முனையின் குத்தலையும் அது மெத்தையாகத் தாங்கும்.

இந்த இடத்தில் வைக்கும்போது குழல் உங்கள் தொடையின் பெரு நாளத்தை நோக்கியிருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். உறையில் திரும்பச் செருகும்போது நின்றுகொண்டு, சட்டையை மற்றக் கையால் மேலே தூக்கிப் பிடித்து, உறையின் வாயைக் கண்ணால் பார்த்து, மெதுவாகச் செருக வேண்டும். புதிதாகப் பழகுபவருக்கு இந்த இடத்தை நான் பரிந்துரைப்பதில்லை. பெல்ட்டுக்கு வெளியே, நான்கு மணியில், உடம்போடு ஒட்டி நிற்கும் உயரமான உறையில் தொடங்குங்கள்.

கார் ஓட்டும்போது மட்டும் வலிக்கிறது என்றால், அமெரிக்கக் கார்களில் ஓட்டுநரின் சீட்பெல்ட் கொக்கி வலது இடுப்போரம்தான் விழுகிறது. வலக்கைக்காரரின் உறையும் அங்கேயே இருப்பதால் இரண்டும் மோதும். நாளின் பெரும்பகுதியை ஓட்டுநர் இருக்கையில் கழிப்பவர் இடப்புற முன்பக்கத்தில், வலக்கையால் குறுக்கே எடுக்கும்படி அமைந்த உறையை அணிந்து பார்க்கலாம். வலிக்கிறது என்று கழற்றிப் பக்கத்து இருக்கையில் வைக்காதீர்கள். திடீர் பிரேக்கில் அது எங்கே போய் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

சட்டைக்கு மேல் உருவம் தெரிகிறது

பருத்த சிலிண்டர்தான் தெரிகிறது என்று பலர் நினைக்கிறார்கள். சிலிண்டர் பெல்ட் மட்டத்தில் இருப்பதால் பெரும்பாலும் அடங்கிவிடும். காட்டிக்கொடுப்பது கைப்பிடியின் அடிமூலை. பக்கவாட்டில் கண்ணாடி முன் நின்று கையை உயரத் தூக்கிப் பாருங்கள். துணி எங்கே கூடாரம்போல் நிற்கிறதோ அதுதான் மூலை.

ரப்பர் கைப்பிடி துணியைப் பிடித்துக்கொள்ளும். குனிந்து நிமிர்ந்த பிறகும் சட்டை கீழே விழாமல் அங்கேயே சிக்கி நிற்கும். வழவழப்பான மரக் கைப்பிடியாக, அடிப்பக்கம் குட்டையாகவும் உருண்டையாகவும் உள்ளதாக மாற்றுங்கள். வெறும் நிறச் சட்டையைவிடக் கட்டம்போட்ட அல்லது பூப்போட்ட, சற்றுத் தடித்த துணி மேடுபள்ளத்தை நன்றாக மறைக்கும்.

பாக்கெட்டில் புரள்கிறது, எடுத்தால் உறையோடு வருகிறது

சிறு ரிவால்வரின் சிறந்த இடம் பேன்ட்டின் முன் பாக்கெட் என்று சொல்பவர்கள் உண்டு. ஓரளவு உண்மைதான், பாக்கெட்டுக்குள் கையை விட்டுக்கொண்டு நிற்கும் மனிதரை யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை. ஆனால் பாக்கெட்டுக்கென்றே செய்த உறை கட்டாயம் வேண்டும். அது விசையை மூடுவதோடு, கைப்பிடி எப்போதும் மேல்நோக்கி நிற்கவும் வழி செய்கிறது.

புரள்கிறது என்றால் உறையின் அடி பாக்கெட்டின் அகலத்துக்குப் போதவில்லை, அல்லது பாக்கெட் மிக ஆழமானது. பாக்கெட்டின் அடியை ஒரு தையல் போட்டு உயர்த்துவது எந்தத் தையற்காரருக்கும் எளிய வேலை. மெல்லிய துணியில் உருவம் தெரிந்தால், வெளிப்பக்கம் தட்டையான பலகைபோல் அமைந்த உறையைப் பாருங்கள். வெளியே பணப்பை வைத்திருப்பதாகவே தோன்றும்.

எடுக்கும்போது உறையும் கூடவே வந்தால் அதன் வெளிப்பரப்பு வழுக்குகிறது என்று பொருள். சொரசொரப்பான அல்லது ஒட்டும் தன்மையுள்ள ரப்பர் பூச்சு வெளிப்புறமும், வழுவழுப்பான துணி உட்புறமும் உள்ள உறை பாக்கெட்டிலேயே தங்கிவிடும். உறையின் பின்புறம் கொக்கிபோல் நீண்டிருக்கும் விளிம்பு பாக்கெட் தையலில் மாட்டிக்கொள்ளும்படி சற்றுப் பின்னோக்கி இழுத்து எடுங்கள்.

கையே பாக்கெட் வாயில் சிக்குகிறதா? கைப்பிடியை முழுப் பிடியாகப் பிடித்தால் முட்டி பாக்கெட் வாயைவிடப் பெரிதாகிவிடும். விரல்களைச் சுற்றிப் பிடித்தாலும் கட்டைவிரலை மட்டும் ரிவால்வரின் முதுகின்மேல் தட்டையாக வையுங்கள். கையின் பருமன் சட்டெனக் குறையும். வெளியே நீட்டிய சுத்தியல் (சுடும்போது பின்னிருந்து அடிக்கும் பாகம்) உள்ள சீஃப்ஸ் ஸ்பெஷல் போன்ற மாடல்களில் அந்தக் கட்டைவிரல் சுத்தியலின் கொம்பை மூடுவதால் அது துணியில் மாட்டாது. இந்தத் தொல்லையே வேண்டாம் என்றுதான் 1952இல் சுத்தியலை முழுவதும் உள்ளே ஒளித்த 'சென்டென்னியல்' மாடல் வந்தது. இன்றைய 642 அந்த வழியில் வந்ததே. பாக்கெட்டுக்கு வாங்குபவருக்கு நான் சொல்வது ஒளித்த சுத்தியல்தான்.

அந்தப் பாக்கெட்டில் வேறு எதுவும் இருக்கக் கூடாது. சில்லறை, சாவி, சூயிங்கம் தாள், எதுவும்.

வாரத்துக்கு ஒரு முறை தோட்டாக்களை நீக்கிவிட்டு, சிலிண்டரைத் திறந்து, தோட்டா உறைகளை வெளியே தள்ளும் நட்சத்திரத் தகட்டை அழுத்தி அதன் அடியைப் பாருங்கள். பாக்கெட்டில் வைத்த ரிவால்வரில் பஞ்சுத் துணுக்குகள் எண்ணெயோடு சேர்ந்து சாம்பல் நிறப் பசையாக அங்கே படிந்திருக்கும். கொஞ்சம் கூடினாலும் தகடு முழுவதும் படியாமல் சிலிண்டர் இறுகும். உலர்ந்த பல்துலக்கும் தூரிகையால் தேய்த்தால் போய்விடும். பாக்கெட்டுக்குப் போகும் ரிவால்வருக்கு எண்ணெயைக் குறைவாகவே இடுங்கள்.

கணுக்காலில் தோல் உரிகிறது, நடக்கையில் ஆடுகிறது

வலக்கைக்காரர் இடக்காலின் உட்புறத்தில் கட்ட வேண்டும். மாற்றிக் கட்டியிருந்தால் மற்றக் காலில் இடிக்கும். ஆடினால், கெண்டைக்காலைச் சுற்றி மேலே ஒரு துணைப்பட்டை சேர்த்துக்கொள்ளுங்கள். எடையில் ஒரு பகுதியை அது வாங்கிக்கொள்ளும். தோல் உரிந்தால், முழங்காலுக்குச் சற்றுக் கீழ்வரை வரும் தடித்த காலுறையின்மேல் உறையைக் கட்டுங்கள். ஒரு காலில் மட்டும் அரைக் கிலோ என்பதால் முதல் சில நாள் நடை கோணலாகத் தோன்றும்; அது பழகிவிடும். ஒடுங்கிய கால் வாய் உள்ள பேன்ட்டோடு இது ஒத்துவராது. நின்ற நிலையில் எடுப்பது மெதுவானது என்பதால், பெரும்பாலும் உட்கார்ந்தே வேலை செய்பவருக்குத்தான் பொருந்தும்.

வியர்வையில் தோல் அரிக்கிறது. உலோகத்தில் துரு பூக்கிறது

ஹூஸ்டன் போன்ற கடலோரப் புழுக்கத்தில் ஜூலை மாதத்தில் பேன்ட்டுக்குள் எதை வைத்தாலும் நனையும். உறைக்கும் உடம்புக்கும் நடுவே ஓர் உட்சட்டை அவசியம். உறையின் உடம்புப் பக்கம் சிலிண்டருக்கு மேல்வரை உயர்ந்திருந்தால் வியர்வை நேராக உலோகத்தில் படாது.

ஸ்டெயின்லெஸ் என்ற பெயரை நம்பி விட்டுவிடாதீர்கள். 642இன் குழலும் சிலிண்டரும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். உடற்பகுதி அலுமினியக் கலவை. அதன்மேல் உள்ள பூச்சு வியர்வையில் நாளடைவில் உரியக்கூடும். கைப்பிடியைக் கழற்றினால், அடியில் திருகாணித் தலைகளிலும் உட்சுருளிலும் பழுப்புப் புள்ளிகளைக் காணலாம். அன்றன்று இரவு துடைத்து, இலேசாக எண்ணெய் தடவிய துணியால் ஒற்றி எடுங்கள். தோல் உறைக்குள் இரவு முழுவதும் வைக்காதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துவைக்கும். அதைப் பதனிட்ட உப்புகள் பித்தளைத் தோட்டாவில் பச்சைக் களிம்பையும் ஏற்றும்.

உறையிலிருந்து வர மறுக்கிறது, அல்லது தானாக நழுவுகிறது

புதுத் தோல் உறை இறுக்கமாகத்தான் இருக்கும். தோட்டா நீக்கிய ரிவால்வரை மெல்லிய பிளாஸ்டிக் பையில் சுற்றி உறைக்குள் அழுத்தி, சில மணி நேரம் அப்படியே விட்டால் இளகும். தண்ணீரில் ஊறவைப்பது, அடுப்பருகே காயவைப்பது எல்லாம் தோலைக் கெடுக்கும். கைடெக்ஸ் எனும் விறைத்த பிளாஸ்டிக் உறையில் இறுக்கத்தைத் திருகாணியே தீர்மானிக்கும். கால் சுற்றாகத் திருகுங்கள். உறையைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினாலும் காலி ரிவால்வர் விழாமல் நிற்க வேண்டும். கையால் இழுத்தால் தயங்காமல் வர வேண்டும்.

பழைய தோல் உறையைக் கவனமாகச் சோதியுங்கள். ரிவால்வரை எடுத்த பிறகு உறையின் வாய் மூடிக்கொள்கிறதா? விசை வரும் இடத்தில் தோல் மெலிந்து உட்புறமாக மடிகிறதா? திரும்பச் செருகும்போது அந்த மடிப்பு விசை வளையத்துக்குள் புகுந்து விரல்போல் விசையை அழுத்தும். இந்த வகை விபத்துகள் உண்மையில் நடந்திருக்கின்றன. அப்படிப்பட்ட உறையைத் தைத்துச் சரிசெய்ய முயல வேண்டாம்; வெட்டிக் குப்பையில் போடுங்கள், வேறு யாரும் எடுத்துப் பயன்படுத்தாதபடி.

உடம்பில் எங்கே வைத்தாலும் ஒத்துவரவில்லை, பையில் வைக்கலாமா?

வைப்பவர்கள் இருக்கிறார்கள். சேலையோ பெல்ட் இல்லாத உடையோ அணிபவருக்கு வேறு வழி குறைவு என்பதும் தெரியும். ஆனால் முதலில் வயிற்றைச் சுற்றிக் கட்டும் அகலமான எலாஸ்டிக் பட்டையை முயன்று பாருங்கள்; விசையை மூட விறைப்பான உறை அதனுள்ளேயே இருக்கும் வகையாக வாங்குங்கள். பையைத் தோளிலிருந்து இறக்கி நாற்காலியில் மாட்டிய நொடியே ஆயுதம் உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை. 2014 டிசம்பர் 30 அன்று ஐடஹோ மாநிலத்தின் ஹேடன் நகரில், கடைத் தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயதுக் குழந்தை தாயின் கைப்பையிலிருந்த துப்பாக்கியை எடுத்துச் சுட்டதில் தாய் இறந்தார். துப்பாக்கிக்கென்றே தனி அறை உள்ள பைதான் அது. வீட்டில் சிறு குழந்தை இருந்தால் பை வேண்டாம் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

கை அடிக்கடி அங்கே போகிறது

எழும்போதும் நடக்கும்போதும் தொட்டுப் பார்ப்பது, மேலே இழுத்துவிடுவது எல்லாம் உறை நிலையாக இல்லை என்பதற்கு அடையாளம். மேலே சொன்ன பெல்ட், வளையத்தின் அகலம், சாய்வு ஆகிய மூன்றையும் அந்த வரிசையில் மீண்டும் பாருங்கள். மூன்றும் சரியாக இருந்தும் கை போனால் அது புதுப் பழக்கத்தின் பதற்றம். போலித் தோட்டாவோடு வீட்டுக்குள்ளேயே சில மாலைகள் அணிந்து, பெருக்கி, பாத்திரம் துலக்கி, மாடி ஏறி இறங்கினால் அடங்கும்.

சுமக்கச் சுகம், சுட்டால் கை வலிக்கிறது

எடை குறையக் குறைய உதைப்பு கூடும். எஃகால் செய்த 36ஆம் மாடல் (மேலே சொன்ன சீஃப்ஸ் ஸ்பெஷல்) ஏறத்தாழ 550 கிராம். அதே தோட்டாவை 410 கிராம் ரிவால்வரில் சுட்டால் உள்ளங்கை எரியும். அதைவிட எடை குறைந்தவற்றில் ஒரு பெட்டித் தோட்டாவைச் சுட்டு முடிப்பதே தண்டனை. வலிப்பதால் பயிற்சிக்குப் போவதை நிறுத்துவார்கள். பயிற்சி இல்லாத ஒருவர் மக்கள் நடுவே அதைச் சுமந்து திரிவதைத்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய கோளாறாக நான் கருதுகிறேன்.

கைப்பிடியை மாற்றுவதே முதல் தீர்வு. சுண்டுவிரலுக்கும் இடம் தந்து, கைப்பிடியின் பின்முதுகை ரப்பரால் மூடும் வகை உதைப்பைப் பெருமளவு வாங்கிக்கொள்ளும். அது பாக்கெட்டில் நுழையாது என்றால் பயிற்சிக் களத்தில் அதையும் வெளியே போகும்போது குட்டைக் கைப்பிடியையும் பொருத்தலாம், ஒரே திருகாணிதான். ஆனால் ஒவ்வொரு பயிற்சியின் இறுதியிலும் குட்டைக் கைப்பிடியை மாட்டி, நீங்கள் உண்மையில் சுமக்கும் அதே தோட்டாவில் குறைந்தது ஐந்தைச் சுடுங்கள். மீதிப் பயிற்சிக்கு 148 கிரெய்ன் (குண்டின் எடையைக் குறிக்கும் அளவு) 'வாட்கட்டர்' எனும் தட்டை முனைத் தோட்டா போதும்; அது மெதுவானது, உதைப்பும் குறைவு. இவற்றுக்குப் பிறகும் கை வலித்தால் 550 கிராம் ரிவால்வருக்கு மாறுங்கள். நல்ல பெல்ட்டில் அந்த 140 கிராம் வித்தியாசம் இடுப்புக்குத் தெரியாது.